பி.எஸ்சி. எம்.எல்.டி. சேரலாமா? கல்லூரியை விட்டுவிட்டு, கூட இருக்கிற ஆஸ்பத்திரியைப் பார்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ தமிழ்வழியில் முடித்திருக்கிறேன். நீட்டில் எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. வீட்டில் பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி சேரச் சொல்கிறார்கள். படிப்பு எப்படி இருக்கும் அக்கா, கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தங்கச்சி, நானும் தமிழ்வழிதான், திங்கள்சந்தை பக்கம். இதே படிப்பைப் படித்துவிட்டு ஒன்பது வருஷமாக நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். உன் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கோட்டைவிட்ட இடம் அதுதான். கல்லூரிக் கட்டிடத்தைப் பார்க்காதே. அதோடு எந்த ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறது, அங்கே ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ரத்தம் எடுக்கிறார்கள், மாணவர்களை எந்த வருஷத்திலிருந்து உள்ளே விடுகிறார்கள், இதைப் பார்.

நான் சேர்ந்த இடத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நேர் பஸ் இருந்தது. அப்பா அதைத்தான் பார்த்தார், நானும் அதைத்தான் பார்த்தேன். சொந்த ஆஸ்பத்திரி இல்லை. பிராக்டிகல் என்றால் எப்போதோ சாயம் போட்டுவைத்த பழைய ஸ்லைடு, அதையும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிஷம் எட்டிப் பார்ப்போம். மெஷின் இருந்தது, துணி போட்டு மூடி இருந்தது. மூன்று வருஷமும் நல்ல மார்க்கில் பாஸ் ஆனேன். இன்டர்ன்ஷிப்புக்கு வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்தவர்கள் சாயா கூடக் குடிக்காமல் நீளமாக வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு ஒரு பாட்டியின் கையில் நரம்பு தேடத் தெரியவில்லை. இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை. பாட்டி "பைய எடு மக்களே, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் போய் அழுதேன்.

புத்தகத்தில் இருப்பதற்கும் கையில் வருவதற்கும் என்ன வித்தியாசம் என்று புரிய ஒரு சம்பவம் சொல்கிறேன். மழைக்காலம் வந்தால் நம் மாவட்டத்தில் டெங்கு பயம் உனக்கே தெரியும், ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கிற சிரட்டையில் தண்ணீர் நின்றால் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். அப்படி ஒரு சீசனில் ராத்திரி ஷிப்ட். குலசேகரம் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வந்த ஒரு அண்ணனின் சாம்பிளை மெஷினில் போட்டேன், ரத்தத்தை உறையவைக்க உதவுகிற பிளேட்லெட் 22,000 என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. நான் பதறி வார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், அங்கே அவர் மனைவி பிளேட்லெட் கொடுக்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். அப்போது சீனியர் அக்கா வந்து "ஸ்மியர் பார்த்தியா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். பார்க்கவில்லை. ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, காயவைத்து, லீஷ்மேன் சாயம் போட்டு ஆயில் லென்ஸில் வைத்தோம். ஸ்மியரின் வால் முனையில் பிளேட்லெட்டுகள் கொத்துக்கொத்தாக, தரையில் உதிர்ந்த முருங்கைப்பூ மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கிற இடிடிஏ, சில பேருடைய ரத்தத்தில் மட்டும் பிளேட்லெட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துவிடும், அந்தக் கொத்தை மெஷின் பிளேட்லெட் என்று எண்ணாது. நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுத்து உடனே போட்டு, டியூபில் இருக்கிற திரவம் ரத்தத்தை நீர்க்கவைப்பதால் 1.1 ஆல் பெருக்கினோம். 1,70,000. ஓடிப்போய் அந்த அண்ணனின் மனைவியிடம் சொன்னேன், போனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பாடம் எங்கள் புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதவும் செய்தேன். சாம்பிள் குவிகிற இடத்தில் நின்றால்தான் அது ராத்திரி இரண்டு மணிக்கு ஞாபகத்துக்கு வரும்.

சரி, படிப்பு. நான் படித்தபோது மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அனாடமி, பிசியாலஜியில் ஆரம்பித்து பயோகெமிஸ்ட்ரி, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ரத்த வங்கி என்று போகும். எனக்குப் பிடித்தது மைக்ரோபயாலஜி. சளியை ஸ்லைடில் தேய்த்து, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, அடியில் தீ காட்டி ஆவி வரும்வரை சூடாக்கி, அமிலத்தில் கழுவி, மெத்திலின் ப்ளூ போட்டால், நீலப் பின்னணியில் காசநோய்க் கிருமி சின்னச் சின்ன சிவப்புக் குச்சியாகத் தெரியும். இப்போது நம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற ஆசாரிப்பள்ளம் ஒரு காலத்தில் காசநோய் சானடோரியம் இருந்த இடம், அதனால் அந்தச் சிவப்புக் குச்சியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது.

தமிழ்வழி என்று பயப்படாதே, ஆனால் முதல் ஆறு மாதம் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். நான் செய்தது இது: ஒரு நாற்பது பக்க நோட்டில் வார்த்தைகளை உடைத்து எழுதினேன். எரித்ரோ சிவப்பு, லூக்கோ வெள்ளை, த்ராம்போ உறைகட்டி, சைட்டோ செல், பீனியா குறைவு. அப்புறம் த்ராம்போசைட்டோபீனியா என்ற பூதம் வந்தாலும் "உறையவைக்கிற செல் குறைவு" என்று தானாக அவிழ்ந்துவிடும். ஐம்பது அறுபது துண்டுகள் தெரிந்தால் பாதிப் புத்தகம் திறந்துகொள்ளும். வாய்மொழித் தேர்வான வைவாவில் மட்டும் இங்கிலீஷில் வாய் திறக்கப் பழக வேண்டும், அதற்கு ரூம்மேட்டிடம் தினமும் ஒரு டெஸ்டை விளக்கிச் சொன்னேன், அவள் தூங்கிவிட்டால் சுவரிடம் சொன்னேன்.

அட்மிஷன் விஷயம். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் விண்ணப்பம் வாங்கும். நான் சேர்ந்தபோது பிளஸ் டூ மார்க்தான் கணக்கு, விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் இந்த வருஷக் குறிப்பேட்டை முழுக்கப் படி. தனியார் கல்லூரி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்று பல்கலைக்கழகத்தின் பட்டியலிலேயே பார், அவர்கள் நீட்டுகிற நோட்டீஸை நம்பாதே. "ஆறு மாதத்தில் லேப் டெக்னீசியன்" என்று ஜங்ஷனில் பலகை தொங்குகிற இடங்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டிவிடாதே. 2021-இல் இந்தத் துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது, அது டிப்ளமோவுக்கே குறைந்தது இரண்டு வருஷம், 2,000 மணி நேரம் கேட்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வளைகுடாவுக்குப் போகிறார்கள், அங்கே சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சரிபார்ப்பு நடக்கும், வேலை அனுபவக் கடிதத்தையும் விடமாட்டார்கள். ஆறு மாதப் படிப்பு அந்த இடத்தில் நிற்காது.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, சின்ன லேபில் ரொம்பவே குறைவு. வீட்டில் இதை இப்போதே சொல்லிவை, பிறகு மனசு கஷ்டப்பட வேண்டாம்.

இன்னொன்று, சேர்ந்த உடனே, ரத்தம் வழியாகப் பரவுகிற ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போடத் தொடங்கிவிடு. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. என்னோடு படித்தவள் இன்டர்ன்ஷிப்பில் ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய் விரலில் குத்திக்கொண்டாள், ஒரு தடுப்பூசி கூடப் போட்டிருக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் டெஸ்ட் ரிசல்ட் முடியும்வரை அந்த மாதங்களில் அவள் சரியாகச் சாப்பிட்டதே இல்லை.

கல்லூரி பார்க்கப் போகிற அன்று ஆபீஸில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு காலை ஏழரைக்கே அவர்கள் சொல்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தம் எடுக்கிற இடத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார். எத்தனை பேர் வருகிறார்கள், வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள் கையில் டியூப் இருக்கிறதா, இல்லை சுவரோரம் சும்மா நிற்கிறார்களா என்று பார். அவர்களில் ஒரு பிள்ளையிடம் "நீங்களே ரத்தம் எடுக்கிறீர்களா?" என்று கேள். பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுது, நான் படிக்கிறேன்.