அம்மாவுடன் ஈட்டன் பள்ளி பார்க்க

லண்டனுக்கு அருகே இருக்கும் வின்சர் கோட்டையைப் பார்த்த கையோடு, முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ஈட்டன் பள்ளிக்கும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் மாணவர்கள் இன்றும் தங்கிப் படிக்கும் இடம் அது; முற்றத்துக்கும் தேவாலயத்துக்கும் முன்பதிவு அவசியம். தேதி உறுதியான பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். செவ்வாய், புதன் வேண்டாம், கோட்டை மூடியிருக்கும்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ஏறி வின்சரின் ரிவர்சைடு நிலையத்தில் இறங்கினால், ஈட்டனுக்குப் போகும் தேம்ஸ் ஆற்றுப் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வண்டிகள் வராது. அம்மா அன்னங்களைப் பார்த்தபடி நிதானமாக நடக்கலாம். அதன்பின் கடைத்தெரு நீளமானது, நடுவில் எங்காவது தேநீருக்கு உட்காரவையுங்கள்.

பள்ளி 1440இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி தொடங்கியது. தேவாலயத்தில் அவசியம் அண்ணாந்து பாருங்கள். விசிறி விரிந்தாற்போன்ற அந்தக் கூரை, பழைய மரக்கூரையை வண்டு அரித்ததால் 1950களில் கான்கிரீட்டில் கட்டிக் கல் போர்த்தியது. எனக்கு அதைவிடப் பிடித்தவை, பழைய வகுப்பறை மரத்தில் பையன்கள் செதுக்கிவிட்டுப் போன பெயர்கள்.