பூத் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: கட்சியும் ஓட்டும் தொண்டரும்

முப்பது வருடமாக ஒரே கட்சியில் அடிப்படை உறுப்பினராக இருக்கிறேன். 1996 தேர்தல் தொடங்கி எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிச் சாவடியில் பூத் ஏஜென்ட்டாக, அதாவது வேட்பாளர் சார்பில் வாக்குப்பதிவைக் கவனிப்பவனாக, உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. அது தெரிந்தால் பேச்சு அதைச் சுற்றியே போகும். வாக்குச்சாவடி, வாக்காளர் பட்டியல், கட்சித் தாவல் தடைச் சட்டம், இந்த மூன்றும் எனக்குப் பழக்கம். கேளுங்கள்.

புதுமுகவர்: ஐயா, முதல் தடவை ஏஜென்ட்டாக உட்காரப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்டுவார்கள். அதற்குப் போகாமல் ஏழு மணிக்கு மெதுவாக வருகிற ஏஜென்ட் பாதி வேலையைக் கோட்டை விட்டவர். மாதிரி ஓட்டை அழித்தார்களா, விவிபேட் (ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் கருவி) பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்தார்களா என்று கண்ணால் பாருங்கள். ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் எண்ணையும், இயந்திரத்தை மூடி ஒட்டும் முத்திரைத் தாள்களின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் 17சி, அதாவது சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்குப் படிவம். இது நான் எல்லோரிடமும் சொல்வது: 17சி நகல் கையில் வரும் முன்பு 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். "சார், சீக்கிரம் முடிச்சுடலாம், இப்பவே போட்டுடுங்க" என்று மூன்று மணிக்கே கேட்கிற அலுவலர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தில் அல்ல, அசதியில் கேட்பார்கள். இருந்தாலும் போடாதீர்கள். பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், இயந்திரத்தில் எத்தனை ஓட்டு பதிவானது, எந்த எண்ணுள்ள இயந்திரம் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. எண்ணும் நாளில் உங்கள் கட்சிக்காரர் அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும். வாக்குப்பதிவு முடியும்போது சாவடியில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு நகல் தர வேண்டும் என்பது விதி. ஐந்து மணிக்கே பிரியாணிக்குப் போய்விட்டவர் பிறகு புகார் சொல்லிப் பயனில்லை.

வைகைக்கரை: எங்கள் தொகுதியில் ஒருவரை ஜெயிக்க வைத்தோம். அவர் வேறு கட்சிக்குப் போய்விட்டார். தொண்டன் என்ன செய்ய முடியும்?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். இந்த நோய் அவ்வளவு பழையது. 1985-இல் 52-ஆவது திருத்தம் வந்து, அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. தானாகக் கட்சியை விட்டு விலகினாலோ, கொறடா உத்தரவை மீறி ஓட்டு போட்டாலோ பதவி போகும். ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து போனால் 'பிளவு' என்று விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை 2003-இல் 91-ஆவது திருத்தம் அடைத்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஏற்கும் 'இணைப்பு' மட்டும் பாக்கி. ஒருவர் தாவினால் குற்றம், கூட்டமாகத் தாவினால் இணைப்பு. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய குறை, முடிவு செய்பவர் பேரவைத் தலைவர் என்பது. அவரும் ஒரு கட்சியில் நின்று ஜெயித்து வந்தவர். நம் ஊரிலேயே பாருங்கள். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் தங்கள் கட்சியின் அரசுக்கு எதிராக ஓட்டு போட்டார்கள். அவர்களில் எவரும் தகுதிநீக்கம் செய்யப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், முதல்வரை மாற்றச் சொல்லி ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்; 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் வந்தது 2019 ஏப்ரல், மே மாதங்களில். ஒன்றரை வருடத்துக்கு மேல் 18 தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் ஆளே இல்லை. எந்தக் கட்சி ஆண்டிருந்தாலும் இதை நான் தவறென்றுதான் சொல்வேன்.

தொண்டன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தகுதிநீக்க மனுவைச் சபை உறுப்பினர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, அக்கறையுள்ள எவரும் கொடுக்கலாம் என்று ஒடிசா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. அப்புறம் 2020-இல் மணிப்பூர் வழக்கில், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் பேரவைத் தலைவர் முடிவெடுக்க வேண்டும் என்றது. கொடும்பாவி எரிப்பதை விட நல்ல வக்கீலிடம் போய் மனு எழுதுங்கள்.

செந்தில்_87: ஈ.வி.எம்.-ஐ ஹேக் செய்து ஜெயிக்கிறார்களா?

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனில்லை. சாவடியில் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் ஏழு நாளுக்குள் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்க வழி செய்தது. எத்தனை வேட்பாளர்கள் கேட்கிறார்கள் என்று உங்கள் கட்சியில் விசாரியுங்கள்.

சீட்டு முறைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்குச் சண்டிகரைச் சொல்வேன். 2024 ஜனவரி 30, மேயர் தேர்தல். மொத்தம் 36 ஓட்டு, எல்லாம் காகிதம். தேர்தல் நடத்திய அலுவலர் 8 சீட்டுகளில் பேனாவால் குறியிட்டு அவற்றைச் செல்லாதவை என்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தூக்கி எறிந்து, தோற்றதாகச் சொல்லப்பட்டவரை மேயராக அறிவித்தது. கட்சிப் பற்றை வீட்டில் வைத்துவிட்டு வராத அலுவலர் கையில் எந்த முறையும் பாழ்தான்.

மேலத்தெரு மாரி: அண்ணே, நம் கட்சிக்காரரே இன்னொருவர் பேரில் ஓட்டு போட ஆள் கூட்டி வந்தால் ஏஜென்ட் என்ன செய்வது?

தடுக்க வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2006 சட்டமன்றத் தேர்தல், மதியம் இரண்டு மணி இருக்கும். எங்கள் ஆட்கள் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். கையில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட ஒருவரின் பூத் சிலிப். அந்தத் திருப்பூர்க்காரரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எதிர்க்கட்சி ஏஜென்ட் பக்கத்து ஊர் ஆள், அவருக்குத் தெரியவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஓட்டு எங்களுக்கு.

விதியில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு ரூபாய் கட்டி, 'இவர் அவரில்லை' என்று ஏஜென்ட் ஆட்சேபிக்கலாம். அலுவலர் உடனே விசாரிக்க வேண்டும். நான் இரண்டு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தேன். அலுவலர் அப்பா பேரைக் கேட்டார். பையன் தப்பாகச் சொன்னான், விசாரணை முடியும் முன்பே வெளியே ஓடிவிட்டான். இரண்டு ரூபாய் திரும்பி வந்தது. எங்கள் கிளைச் செயலாளர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

பரணி: மன்னிக்கணும், இது துரோகம். அவன் பத்து கள்ள ஓட்டு போடும்போது நாம் விதி பேசிக்கொண்டிருந்தால் தோற்றுத்தான் போவோம்.

பரணி, உங்கள் கோபம் புரிகிறது. தோற்ற ராத்திரியில் நானும் அப்படி நினைத்திருக்கிறேன். ஆனால் அவன் போடும் பத்தை யார் தடுப்பது? அதற்காகத்தானே நம்மை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள்? நம் கையில் அழுக்கு இருந்தால் அவனைப் பார்த்து வாய் திறக்க முடியாது. அவனுக்கும் அது தெரியும்.

வைகைக்கரை: எங்கள் பக்கம் நாலு மணிக்கு மேல் எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் சேர்ந்து 'உனக்குப் பத்து, எனக்குப் பத்து' என்று பங்கு பிரிப்பார்கள். சண்டையே வராது.

நான் பயப்படுவது அதற்குத்தான். சண்டை போடும் சாவடியில் யாராவது ஒருவர் விழித்திருக்கிறார். அமைதியாகப் பங்கு பிரிக்கும் சாவடியில் யாருமே இல்லை. சாயங்காலம் ஓட்டு போட வருகிற கூலித் தொழிலாளி, 'உன் ஓட்டு போட்டாச்சு' என்று கேட்டுத் திரும்பிப் போகிறார். அவருக்கு டெண்டர் ஓட்டு உண்டு, தனிச்சீட்டு தர வேண்டும். அந்தச் சீட்டை உறையில் வைத்து மூடுவார்கள், சாதாரணமாக எண்ண மாட்டார்கள். பறிபோன ஓட்டு பறிபோனதுதான்.

பரணி: பத்து ஓட்டில் என்ன மாறப்போகிறது? தத்துவம் பேசலாம்.

ராதாபுரம் தொகுதி, 2016 சட்டமன்றத் தேர்தல். வித்தியாசம் 49 ஓட்டு. நிராகரித்த தபால் ஓட்டுகள் செல்லுமா செல்லாதா என்று வழக்கு. உயர் நீதிமன்றம் சொல்லி 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது, முடிவு வெளிவராமலே. 49 ஓட்டு என்பது ஐந்து சாவடியில் பத்துப் பத்து. இதற்கு மேல் உங்களுக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

மேலத்தெரு மாரி: அண்ணே, அப்புறம் உங்களை ஏஜென்ட்டாகப் போட்டார்களா?

2009-இல் போடவில்லை. 2011-இல் வேட்பாளரே கூப்பிட்டார். அவர் சொன்னது: "நீங்கள் உட்கார்ந்தால் எதிராளி நம் ஆட்சேபத்தை மதிப்பான்." பரணிக்கும் இதுதான் என் பதில். இந்தப் பேச்சை இங்கே நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராஜா.கே: ஈ.வி.எம். பாதுகாப்பானதா?

மேலே செந்திலுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கரிசல்: பட்டியலில் என் அம்மா பெயரை யாரோ நீக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள். உயிரோடுதான் இருக்கிறார்!

அது படிவம் 7, பெயரை நீக்கக் கேட்கும் படிவம். ஆட்சேபிப்பவர் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும், தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 31-ஆவது பிரிவு. விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது. அம்மாவை நேரில் அழைத்துப் போங்கள், மனு கொடுத்தவர் பெயரை எழுத்தில் கேளுங்கள். பெயர் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள்.

கட்சிக்காரர்களுக்கு ஒன்று. எதிர்க்கட்சித் தெரு என்பதற்காகக் கத்தை கத்தையாகப் படிவம் 7 நிரப்பச் சொன்னால் நிரப்பாதீர்கள். கையெழுத்து உங்களுடையது, வழக்கு வந்தால் தலைவர் வர மாட்டார். இறந்தவர் பெயரை நீக்குங்கள், அது நல்ல வேலை. வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

தாமரைக்குளம்: எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விடப் பேசுகிறார்கள்.

சட்டவிரோதம். ஊராட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு, இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

நித்யா: பணம் வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி ஓட்டு போடலாமா?

வாங்குவதும் சட்டப்படி குற்றம். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணத்தால் தேர்தலே ரத்தானது. கொடுப்பவர் கட்சியின் கிளைத் தோழர்தான், மேலிருந்து யாரும் வந்து கொடுப்பதில்லை. நான் 'என் தெருவுக்கு நான் கொண்டுபோக மாட்டேன்' என்று சொன்னவன். வேறு ஆள் கொண்டு போனார். என்றாலும் அடுத்த தடவை என்னோடு இன்னும் இரண்டு பேர் மறுத்தார்கள்.

அருள்: இந்த முறை யார் ஜெயிப்பார்கள்?

தெரியாது.

விக்கி: இயந்திரத்தில் எதை அமுக்கினாலும் ஒரே சின்னத்துக்கு விழுகிறதாமே?

தம்பி, மூன்றாவது தடவை. விவிபேட் சன்னலில் சீட்டு ஏழு நொடி தெரியும், பாருங்கள். தப்பாக விழுந்தால் அங்கேயே அலுவலரிடம் சொல்லுங்கள், சோதனை ஓட்டு போட விதி இருக்கிறது. பொய்ப் புகார் என்றால் தண்டனையும் இருக்கிறது. வெளியே வந்து வாட்ஸ்அப்பில் சொல்வதில் பயனில்லை. இனி இயந்திரக் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

கலா: என் அண்ணன் வேறு கட்சி. தேர்தலுக்குப் பிறகு இரண்டு குடும்பமும் பேசுவதில்லை. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

உண்டு அம்மா. என் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு நான் போகாமல் இருந்தேன், மாப்பிள்ளை எதிர்க்கட்சி ஒன்றியப் பொறுப்பில் இருந்தார் என்பதற்காக. அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். சாவடியில் காலை ஆறு முதல் மாலைவரை எதிர்க்கட்சிக்காரர் பக்கத்தில்தான் உட்காருகிறேன். வீட்டிலிருந்து வந்த இட்லியைப் பங்கு வைத்திருக்கிறோம், அதே நாளில் ஒருவர் ஆளை ஒருவர் ஆட்சேபித்தும் இருக்கிறோம். அந்த ஒரு நாள் முடிகிறது என்றால் மற்ற நாளும் முடியும். நீங்களே முதலில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அரசியல் பேச வேண்டாம், பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள்.

புதுமுகவர்: ஐயா, கடைசியாக. அன்றைக்குக் கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

வேட்பாளரோ அவருடைய தேர்தல் ஏஜென்ட்டோ கையெழுத்திட்ட ஏஜென்ட் நியமனப் படிவம் 10, வாக்காளர் அடையாள அட்டை, உங்கள் சாவடிக்குரிய வாக்காளர் பட்டியல், இடம் மாறியவர், இறந்தவர் பெயர்களைக் குறித்த தாள், இரண்டு பேனா, தண்ணீர். செல்போனை உள்ளே விட மாட்டார்கள், வீட்டில் வைத்துவிடுங்கள். சட்டைப்பையில் சில்லறையாக இரண்டு ரூபாய். திரும்பி வரும்போது 17சி.