எண்ணெய், எரிவாயுச் சட்டம் படித்தால் இனிப் பிழைக்க முடியுமா?

கல்முனையில் சட்டம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: உலகமே சூரிய மின்சாரம், காற்றாலை என்று திரும்பும்போது எண்ணெய், எரிவாயுச் சட்டத்தில் முதுமாணி செய்யலாமா? மூடப்போகிற கடையில் வேலைக்குச் சேர்ந்த கதையாகிவிடாதா?

சேரலாம் தம்பி. கடை மூடும் நேரத்தில்தான் கணக்குவழக்கும் சண்டையும் கூடும், நமக்கு அதுதானே தொழில். ஆனால் எண்ணெய் மட்டும் தெரிந்த ஆளாக வெளியே வந்தால் கஷ்டம்.

நான் இப்போது மட்டக்களப்பில் தொழில் செய்கிறேன். காணி, உறுதி, குத்தகை, இடைக்கிடை சிவில் வழக்கு. அதற்கு முன் சில வருடம் கட்டாரில், எரிவாயு ஆலைகளில் கட்டுமான வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொம்பனியின் ஒப்பந்தப் பிரிவில் இருந்தேன். எண்ணெய்ச் சட்டம் என்றதும் ஆட்கள் நடுக்கடலில் நிற்கும் ரிக்கைத்தான் நினைக்கிறார்கள். நான் அதைக் கிட்டப் போய்ப் பார்த்ததுகூட இல்லை. பார்த்ததெல்லாம் கடிதக் கோப்புகள். குழாய் வந்துசேரப் பிந்தியது, அதுவரை சும்மா இருந்த வேலையாட்களின் சம்பளத்தை யார் கொடுப்பது? வரைபடத்தை உரிமையாளர் இடையில் மாற்றினார், மேலதிகச் செலவு யாருடையது? இப்படிப் பிணக்கு வந்தால், ஒப்பந்தம் சொன்ன நாட்களுக்குள் அறிவித்தல் போனதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நியாயம் யார் பக்கம் என்பதெல்லாம் அப்புறம்.

அக்கரைப்பற்று ஆள் ஒருவர் அங்கே போர்மனாக இருந்தார். வேலைக்கு எத்தனை பேர் வந்தார்கள், கிரேன் எத்தனை மணிக்கு வந்தது, வேலையை நிறுத்தச் சொன்னது யார் என்று தினமும் பின்னேரம் ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதி வைப்பார். ஆலோசகர்கள் செய்து தந்த கலர் கலரான வரைபுகளைவிட அந்தக் கொப்பிதான் பேச்சுவார்த்தையில் எடுபட்டது. இதை எந்த முதுமாணி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

விலை மாறும், அரசு மாறும், சட்டம் மாறும். அப்படி மாறினால் நட்டம் யார் தலையில் விடியும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும், எழுதியதை வைத்துப் பிறகு அடிபடுவதும்தான் இந்தத் துறை. இப்போது நடப்பதும் அப்படி ஒரு மாற்றம்தான், என்ன, இதுவரை வந்ததைவிடப் பெரியது.

2023 ஒக்டோபரில் பிரான்சின் டோட்டல் எனர்ஜிஸ், கட்டாரிடமிருந்து 27 வருடத்துக்குத் திரவ எரிவாயு வாங்க ஒப்பந்தம் போட்டது. 2026இல் விநியோகம் தொடங்கும் என்றார்கள். கூட்டிப் பாருங்கள், 2053 வரை போகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2050இல் சூடேற்றும் வாயுக்களின் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்க வேண்டும் என்று 2021இலேயே சட்டம் இயற்றிவிட்டது. அப்படியானால் அந்தக் கடைசி வருடங்களில் என்ன நடக்கும்? சரக்கை வேறு நாட்டுக்குத் திருப்பலாமா, விலையை மறுபடி பேசலாமா, எடுக்காமல் விட்டாலும் காசு கட்ட வேண்டுமா? இப்படியான நீண்டகால ஒப்பந்தங்களில் இதற்கெல்லாம் பதில் தேட ஆட்கள் இப்போதே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தாலிக் கதை இன்னும் சுவாரசியம். கரையிலிருந்து 12 மைலுக்குள் எண்ணெய் எடுக்கக்கூடாது என்று அந்த நாடு 2015 கடைசியில் தடை போட்டது. அங்கே எண்ணெய் எடுக்கக் காத்திருந்த ராக்ஹாப்பர் என்ற கொம்பனி நடுவர் மன்றத்துக்குப் போய் 2022இல் சுமார் 19 கோடி யூரோ இழப்பீடு வென்றது. 2025இல் அந்தத் தீர்ப்பு முழுவதாக இரத்தாகிவிட்டது. ஒரு சொட்டு எண்ணெயும் எடுக்காமலே சட்டத்தரணிகளுக்கு எத்தனை வருட வேலை பாருங்கள்!

எண்ணெய் வயலை மூடும் வேலையும் இருக்கிறது. வட கடலில் பழைய கிணறுகளை அடைத்து மேடைகளைக் கழற்றுகிறார்கள். பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டுப் பெற்றோலியச் சட்டப்படி, பங்கை விற்றுவிட்டுப் போன பழைய கொம்பனியையும் அந்தச் செலவுக்குத் திரும்பக் கூப்பிடலாம். பாடம் தெரிவு செய்யும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். மன்னார்ப் படுகையில் 2011இல் கெய்ர்ன் கொம்பனி டொராடோ, பரக்குடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது. 2015இல் விட்டுவிட்டுப் போனது. எரிவாயு இன்னும் கடலடியில்தான். 2016இல் நமது கிழக்குக் கடலையும் ஆராய டோட்டலுடன் உடன்படிக்கை வந்தது. கிணறு தோண்டும் கட்டத்துக்கு அது வரவே இல்லை. ஆகவே உள்ளூர் எண்ணெய் வயலை நம்பிப் படிக்காதீர்கள். அது தேர்தல் காலத்தில் மட்டும் ஊறும்.

ஆனால் எண்ணெய் எடுக்காத கடலிலும் எண்ணெய்ச் சட்டம் உண்டு. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது சங்கமன்கண்டிக்கு நேரே சுமார் 38 கடல் மைல் தொலைவில். குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்குப் போன மசகு எண்ணெய், ஏறத்தாழ 270,000 தொன். ஒரு மாலுமி உயிரிழந்தார். சரக்கு கொட்டவில்லை. கொட்டியிருந்தால் திருக்கோவில், பொத்துவில் மீனவர்களின் கதி என்ன? கடைசியில் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் கப்பல் தலைவருக்கு 12 மில்லியன் ரூபாய் தண்டம் விதித்தார்கள். கப்பல் நம் கரைக்கு முன்னால் எரிந்தும், அந்த வழக்கைப் படித்த சட்ட மாணவர் ஒருவரையும் இங்கே நான் இன்னும் சந்திக்கவில்லை. எண்ணெய்க் கப்பல்கள் இந்தப் பக்கம் இன்னும் பல வருடம் போய்வரத்தான் போகின்றன.

இப்போது என் மேசைக்கு வருவது சோலார். அங்கேதான் கட்டாரில் படித்தது எனக்குக் கைகொடுக்கிறது. எரிவாயு ஒப்பந்தங்களில் வாங்குபவர் சரக்கை எடுக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வழமையாக இருக்கும். 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் மின்பாவனை விழுந்ததும், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. கடன் எடுத்துப் பனல் போட்ட ஒருவர் ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தார். நிறுத்திய யூனிட்டுக்கு யார் காசு தருவது? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தோம், அதற்கு ஒரு வரியும் இல்லை. எரிவாயுக்காரன் எப்போதோ எழுதி வைத்ததைச் சோலார்க்காரன் இனித்தான் எழுதப்போகிறான். எழுதத் தெரிந்த ஆள் இங்கே குறைவு.

அடுத்தது காணி. 2030இல் மின்சாரத்தின் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக வர வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. வவுணதீவில் சோலார் நிலையம் வந்தபின் படுவான்கரையில் காணி தேடுபவர்கள் கூடிவிட்டார்கள். இருபது வருடக் குத்தகை கேட்பார்கள். காணிக்காரரோ 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரச காணிக்குக் கொடுத்த பேமிற்றைக் (அனுமதிப்பத்திரத்தை) கொண்டுவந்து நீட்டுவார், அதுவும் தகப்பன் பெயரில். அதை வைத்து நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும், பின்னுரித்து யாருக்கு என்று பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் சட்டத்தரணிகள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுவார்கள். அப்போது அவர்களுக்கு உங்களைப்போல் ஊர் ஆள் தேவை.

முதுமாணிக்குப் போகுமுன் மூன்றை வாசித்துவிடுங்கள். ஒன்று, 2021இன் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம். அடுத்தது, 2024ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் அதற்கு 2025இல் வந்த திருத்தமும். மூன்றாவது, சுன்னாகத்தில் தண்ணீர்க் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர்களுக்காக 20 மில்லியன் ரூபாய் கட்டும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு அதில் உத்தரவானது. மாசுபடுத்தியவர் எப்படிப் பொறுப்பாகிறார் என்று வெளிநாட்டுப் புத்தகத்தைவிட அதில் தெளிவாக விளங்கும்.

முடிந்தால் ஒரு வருடமாவது இங்கே ஒரு சீனியரிடம் காணி வழக்குப் பழகுங்கள். வீட்டுக் காணியை ஈடு வைத்து மட்டும் வெளிநாடு போக வேண்டாம். கட்டார், டுபாய்ப் பக்கம் ஒப்பந்தப் பிரிவு வேலை முதுமாணி இல்லாமலும் கிடைக்கும், நான் போனதும் அப்படித்தான். எந்தப் பல்கலைக்கழகம் பார்க்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் பாடத்திட்டத்தைப் போடுங்கள். நடுவர் தீர்ப்பு, மின்சாரக் கொள்வனவு ஒப்பந்தம் இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.