அம்மா அப்பாவைக் கேட்கும்போது

அன்புள்ள ஆலோசகருக்கு,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். 76 வயதான அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று போன வருடம் வைத்தியர் சொன்னார். பின்னேரமானால் நல்ல சேலை உடுத்துக்கொண்டு, "மூதூர் லோஞ்சுக்கு நேரமாச்சு, அப்பா பார்த்துக்கொண்டு இருப்பார்" என்று, படகுக்குப் போகப் படலையைத் திறக்கிறா. அப்பா காலமானது 2011இல். அதைச் சொன்னால் அன்று செத்தவீட்டில் அழுததுபோல அழுகிறா. அடுத்த நாளும் அதே கேள்வி. கனடாவில் உள்ள அண்ணாவோ, "என்னோட நல்லாத்தானே கதைக்கிறா" என்கிறார். அம்மாவிடம் உண்மையை மறைப்பது பாவமா?

ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

பாவமில்லை. தயவுசெய்து இனி அந்த மரணச் செய்தியைத் தினமும் சொல்லாதீர்கள். அல்சைமர் பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியும் பகுதியைத்தான் முதலில் தாக்கும். பழையவை வெகுகாலம் நிற்கும். மூதூருக்குத் தரைவழியாகப் போக உதவும் கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அம்மா இருப்பதோ அதற்கும் முந்திய, லோஞ்சில் போய்வந்த காலத்தில். அங்கே அப்பா உயிரோடுதான் இருக்கிறார். நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவர் புதிதாக இறக்கிறார். சொன்னது மறந்த பிறகும் துக்கம் மட்டும் மனதில் தங்கிவிடும்.

அதற்காகப் பெரிய பொய்யும் தேவையில்லை. "அப்பாவைத் தேடுதோ அம்மா? மூதூரால வரேக்க என்ன வாங்கிக்கொண்டு வருவார்?" என்று கேளுங்கள். அம்மா பேசட்டும். படலையை மறிக்காமல் கூடவே கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள். தெளிவான ஒரு வேளையில் "அவர் செத்துப்போனாரா?" என்று அம்மாவே கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு ஆமென்று சொல்லுங்கள்.

பொழுதுபடும் நேரத் தவிப்பு இந்த நோயில் சகஜம். இருட்டுவதற்கு முன்பே லைட்டைப் போடுங்கள். பசியா, வலியா, மலசலகூடம் போக வேண்டுமா என்றும் பாருங்கள். ஆனால் ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். பார்மசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம். விழுந்து எலும்பு முறியும், குழப்பமும் கூடும்.

அண்ணாவின் பேச்சில் மனம் நோகாதீர்கள். ஆரம்பத்தில் பத்து நிமிட போன் கதையில் இந்த நோய் தெரியவே தெரியாது. உங்கள் பின்னேரம் அவருக்குக் காலை நேரம். அம்மா சேலை உடுத்தும் அந்த நேரத்திலேயே வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு ஒருவரை வைக்கும் செலவை அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. தாங்க முடியாத இரவில் 1926க்கு அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம்.