உள்ளறையில் மூன்று மணி நேரம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 8 வயது மகனுக்குப் பெருமூளை வாதம், இடது கையும் காலும் சரியாக வராது. வி.ஆர். ஹெட்செட் (கண்ணுக்கு முன்னால் திரை வரும்படி தலையில் மாட்டுகிற கருவி) மாட்டி விளையாடினால் கை பழகும் என்று தெரபி சென்டரில் சொல்கிறார்கள். வீட்டுக்கே ஒன்று வாங்கலாமா? நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த அன்று அவனை உள்ளறையில் செல்போனோடு விட்டிருந்தோம். மூன்று மணி நேரம் சத்தமே இல்லை. இதிலும் ஆர்வமாக இருப்பான் என்று நினைக்கிறேன். அந்த வரனும் கூடி வருகிறது.

பதில்: வாங்காதீர்கள். சிகிச்சையில் பொய் இல்லை. கையைத் தூக்கு என்றால் அடம்பிடிக்கிற பிள்ளை, திரையில் பலூனை உடைக்க அலுக்காமல் தூக்குவான். திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் மூளை பழகும். ஆனால் பிசியோதெரபியோடு சேர்ந்து, தெரபிஸ்ட் கண் முன்னால் நடக்க வேண்டியது அது. மெட்டா குவெஸ்ட் என்கிற பிராண்டு ஹெட்செட்டுக்கே குறைந்தபட்ச வயது 10. வலிப்பு வந்த பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் சேரும். முதலில் அதைப் பாருங்கள்.

சரி, அந்த மூன்று மணி நேரத்துக்கு வருகிறேன். சத்தமே இல்லை என்று மெச்சுகிறீர்களே அம்மா, கூடத்தில் அத்தனை பேர் பேசுவது காதில் விழுந்தும் 8 வயதுப் பையன் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அதை ஆர்வம் என்றா சொல்வது? தான் வெளியே வரக்கூடாது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பெண் பார்க்கும்போது மறைத்த பிள்ளையைக் கல்யாணத்தன்று எந்த அறையில் வைப்பீர்கள்? அண்ணன் மகனைப் பார்த்துப் பின்வாங்குகிற வீட்டில் உங்கள் நாத்தனார் போய் என்ன வாழ்ந்துவிடப் போகிறாள்?

விளையாட்டில் வந்த அசைவை வீட்டு வேலைக்குக் கொண்டுவருவதுதான் இந்தச் சிகிச்சையில் கஷ்டமான பகுதி. அதை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது. அடுத்து யார் வந்தாலும் பிஸ்கட் தட்டை அவனிடம் கொடுங்கள். தட்டுக்கு இரண்டு கையும் வேண்டும், வலது கையை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. இடது கட்டைவிரல் உள்ளே மடங்கும், தட்டு ஒரு பக்கம் சாயும், நாலு பிஸ்கட் தரையில் விழும். விழட்டும். யாரும் ஓடிவந்து பிடுங்கக் கூடாது.

அப்புறம், கடிதம் முழுக்க உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரி இல்லை. தங்கைக்கு நல்ல இடம் பார்ப்பது அண்ணனின் கடமைதான். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் 'இவன் என் மகன்' என்று சொல்வது அதற்கும் முந்தைய கடமை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும் முன்பே மாப்பிள்ளை வீட்டுக்கு அவரையே போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.