புயலில் ஊர் சிதைந்த சக ஊழியருக்குச் சிங்கப்பூரிலிருந்து எப்படி உதவுவது?

முதலில் அவரை ஊருக்கு அனுப்பி வையுங்கள். டிக்கெட்டுக்குக் கை கொடுங்கள், ஷிப்டை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சூப்பர்வைசரிடம் லீவுக்கு நீங்களே பேசுங்கள். சம்பளம் பிடிப்பார்களோ என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. புதுக் கன்று நட்டால் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் முதல் வாரத்தோடு உதவியை நிறுத்தாதீர்கள். கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் அப்புறம்தான் கழுத்தை நெரிக்கும்.

நண்பர்களுக்குள் பணம் சேர்த்து அவர் கையில் கொடுங்கள். ஆனால் வெளிநாட்டு நிவாரணத்துக்கென்று பொதுமக்களிடம் வசூலிக்க அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஊர் முழுவதற்கும் உதவ நினைத்தால், சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் நிதி திரட்டுகிறதா என்று பாருங்கள்.