மாத்திரையா, ஏர்வாடியா?

தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டு ஏர்வாடி தர்காவில் தங்க வைக்கலாம் என்று அம்மா பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தாராளமாக ஓதட்டும், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. குரல் அடங்கியதும் "அதான் சரியாயிடுச்சே" என்று விட்டால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். எடை கூடுகிறது, எந்நேரமும் தூக்கம் என்று தம்பி முனகினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார்.

2001 ஆகஸ்டில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஏர்வாடிக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் கிடந்தவர்கள். அப்புறம்தான் நிலைமை மாறியது. சங்கிலி போடுவதற்கு 2017 மனநலச் சட்டத்தில் தடை. தர்காவிலேயே 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) என்று அரசு சிகிச்சையும் நடக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மருத்துவர் மேல் உள்ள பயம் குறையும். ராத்திரியில் ஆலோசனை வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.